பத்தமடைப் பாய் விற்க எந்தச் செயலி நல்லது?

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். பத்தமடையில் அம்மாவும் சித்தியும் நெய்யும் கோரைப்பாய்களை வெளியூருக்கு விற்றுக் கொடுக்கிறேன். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாயைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

இப்போதைக்கு வாட்ஸ்அப் பிசினஸ்தான். கேட்டலாக் போட்டதும் சும்மா விலை விசாரிக்கும் போன் குறைந்தது, பெரிய நிம்மதி. ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேராது. நம் எண்ணைச் சேமிக்காதவர்களுக்குச் செய்தி போவதும் இல்லை. போன ஆவணியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்ககிட்டயே வாங்கியிருப்பேனே தம்பி" என்றார். நாள் முழுக்க மனசே சரியில்லை.

யார் எப்போது வாங்கினார், வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது என்று கூகுள் ஷீட்டில் குறித்து வைக்கிறேன். அந்தத் தேதி நெருங்கும்போது எனக்குத் தானாக நினைவூட்ட என்ன வழி? மாதக் கட்டணம் இல்லாததாக இருந்தால் நல்லது.

அப்புறம் போட்டோ. ஸ்னாப்சீட் என்ற போட்டோ திருத்தும் செயலியில் சிவப்புச் சாயத்தைச் சரிசெய்தால் பச்சைக் கரை வெளுத்துவிடுகிறது. பட்டுப்பாயின் (மெல்லிய கோரையில் நெய்வது) மினுமினுப்பும் வருவதில்லை. சேலையோ நகையோ ஆன்லைனில் விற்பவர்கள் யாராவது, எந்த வெளிச்சத்தில் எடுக்கிறீர்கள், எதில் திருத்துகிறீர்கள் என்று சொல்லுங்களேன்.