குதிச்சு இறங்கும்போது முட்டு (முழங்கால்) உள்ளே சாயுற பையனை கால்பந்து கிளப் தேர்வுக்கு அனுப்பலாமா?

குளச்சல் பிசியோ:
அனுப்பக் கூடாதுங்கிறது என் கருத்து. 30 சென்டிமீட்டர் பெட்டியிலிருந்து குதிச்சு, தரை தொட்டதும் மறுபடி எம்பச் சொல்லுங்க. முன்னாலிருந்து செல்போன்ல வீடியோ எடுங்க. முட்டு பெருவிரலுக்கு உள்பக்கம் போனா ஆபத்து. ஏ.சி.எல். (முட்டுக்குள்ள எலும்புகளைப் பிணைக்கிற நார்) பெரும்பாலும் நேரா முட்டுல அடிபட்டுக் கிழியுறதில்லை. காலை அகலமா ஊன்றி, முட்டை மடக்காம, நெஞ்சும் அந்தப் பக்கமே சரிஞ்சா முட்டு திருகிடும். 2005-ல் ஹெவெட்ங்கிற ஆய்வாளரோட குழு 205 வீராங்கனைகளைச் சோதிச்சாங்க. பிறகு ஏ.சி.எல். கிழிஞ்ச 9 பேருக்கு அந்தச் சாய்வு மத்தவங்களைவிட சராசரியா 8 டிகிரி கூடுதல்.

தூத்தூர் கோச்:
அண்ணே, 9 பேரை வச்சு நம்ம பயலுவ பிழைப்பை நிறுத்தாதீங்க. நார்வேயில் 700-க்கு மேல ஹேண்ட்பால், கால்பந்து வீராங்கனைகளை இதே குதிப்புல சோதிச்சு, 2016-ல் முடிவு வந்துச்சு. கிழிஞ்சவங்க அளவும் கிழியாதவங்க அளவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கிடந்துச்சு. ஆளைப் பிரிக்க முடியலை. பெட்டியில ரெண்டு காலும் சேர்ந்து, தெரிஞ்சே இறங்குது. ஆட்டத்துல ஒத்தைக் கால், எதிர்ல டிஃபென்டர். கால் ஊன்றின சுமார் 40 மில்லிசெகண்ட்ல கிழியுது, திருத்த நேரமில்லை. நான் பயப்படுறது தரை மாற்றத்துக்கு. வருஷம் முழுக்க கடற்கரை மணல்ல ஆடுற பையன் வெட்டித் திரும்பும்போது மணல் வழிவிடும். அதே வெட்டை டர்ஃப்ல (செயற்கைப் புல் தரை) போட்டா பூட்ஸ் அடியில இருக்குற ஸ்டட் கடிச்சுப் பிடிக்கும், பாதம் நிக்கும், உடம்பு திரும்பிடும். தேர்வுக்கு முந்தின நாள் முதல்முறையா டர்ஃப்ல இறக்குறதுதான் தப்பு.

குளச்சல் பிசியோ:
அசைவு முக்கியமில்லைன்னா ஃபிஃபா 11+ங்கிற வார்ம்-அப் பயிற்சி எப்படி வேலை செய்யுது? 2008-ல் நார்வேயில் 13 முதல் 17 வயசுப் பெண்களிடம் காயம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. அதுல முட்டை நேரா வச்சு இறங்கத்தானே பழக்குறோம்?

தூத்தூர் கோச்:
பழக்குறோம், ஆனா எல்லாரையும், யாரையும் கழிக்கலை. 20 நிமிஷத்துல பலமும் சமநிலையும் சேர்ந்தே வருது. பின்தொடைக்கான நார்டிக் பயிற்சி (முட்டு போட்டு நிக்க, கணுக்காலை ஒருத்தர் பிடிக்க, முன்னால சாயுறது) மட்டும் பாருங்க: முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 செட், அடுத்த வாரம் 2 நாள், 6 முறை வீதம் 2 செட். இடுப்பை மடக்கிக் குனிஞ்சா பின்தொடைக்கு வேலை குறைஞ்சிடும். தோள்லருந்து முட்டு வரை ஒரே பலகையா, மெல்ல இறங்கணும். முதல் நாளே 3 செட் போட்டா மறுநாள் வலியில விட்டுடுவானுவ.

குளச்சல் பிசியோ:
சரி, புதுப் பையனைக் கழிக்கிற பேச்சை விட்டுடுறேன். ஆனா ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவன் விஷயத்துல விடமாட்டேன். அவன் குதிச்சு இறங்குற விதம் ரெண்டாவது கிழிசலோட தொடர்புள்ளதுன்னு 2010-ல் காட்டியிருக்காங்க. 9 மாசம் முடியாம, ரெண்டு தொடையும் சமபலம் ஆகாம மேட்ச்ல இறக்காதீங்க.

தூத்தூர் கோச்:
அதுல எனக்கும் மறுப்பில்லை அண்ணே.