மறு: 'கல்லறைச் சிலுவை' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரான்சின் பழைய இடுகாடுகளில் எல்லாருக்கும் பொதுவாக நிற்கும் கற்சிலுவைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோமே, அதற்கு என் பதில்.

> 'கல்லறைச் சிலுவை' என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் வேறொன்றாகப் புரியும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றப் போனால் நாம் பார்ப்பது ஆளுக்கொரு சிலுவை, அதில் பெயர், தேதி. பிரெஞ்சுக்காரர்கள் 'குருவா த சிமெத்தியேர்' என்பது அதுவல்ல. இடைக்காலக் கிராமத்தில் சாதாரணக் குடியானவரின் குழிமேல் பெரும்பாலும் பெயர்க்கல் இருக்காது. இடம் நெருக்கினால் பழைய எலும்பை எடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டு, அங்கேயே அடுத்தவரைப் புதைப்பார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து நடுவில் நின்றது ஒரே கற்சிலுவை.

'நடுகற்சிலுவை' என்று எழுதிய ஐயாவுக்கும் இதுதான் பதில். நடுகல் இன்னாருக்கு என்று நடுவது. இது யார் பெயரும் சொல்லாதது.

'கல்லறைத் தோட்டச் சிலுவை' என்றால்? அதிலும் ஒரு சிக்கல். 1776இல் அரச ஆணை, 1804இல் நெப்போலியன் காலத்து ஆணை என்று இடுகாடுகளை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். பல ஊர்களில் தோட்டம் போய்விட்டது, சிலுவை மட்டும் கோயில் பக்கத்தில் தனியாக நிற்கிறது. சுற்றிலும் கார் நிறுத்துகிறார்கள்.

என் பரிந்துரை: இடுகாட்டுப் பொதுக்குருசு. 'பொது' என்ற சொல்லை விடவே கூடாது என்பேன். குருசு ஏன் என்றால், சிலுவை என்றதும் இயேசு பட்ட பாடுதான் முதலில் மனத்தில் வருகிறது. நட்டு நிற்கும் பொருளுக்குத் தென்கோடி மக்கள் குருசு என்றுதான் சொல்கிறார்கள். போர்த்துகீசியர் வழியாக வந்த சொல். குருசு நட்ட வழிபாட்டிடத்தைக் குருசடி என்பதும் அப்படிப் பிறந்ததுதானே.

அப்புறம், இதன் ஒரு வகைக்குத் தனிப்பெயர் வேண்டும். மேற்கு பிரான்சில், புவாத்தூ, சேந்தோஞ்ஜ் பக்கம், 'குருவா ஒசானியேர்' என்பார்கள். முன்பு குருத்தோலை ஞாயிறன்று ஊரார் பவனியாக இடுகாட்டுக்குப் போய், இந்தக் குருசடியில் 'ஓசன்னா' என்று புகழ்ந்து பாடி, மந்திரித்த தழையை அதன் காலடியில் வைப்பார்கள். பலவற்றின் தூணில் வாசகப் புத்தகம் வைக்கக் கல்லிலேயே ஒரு சாய்மேடை உண்டு. ஓனே என்ற ஊரில் புனித பேதுரு கோயிலைச் சுற்றிய பழைய இடுகாட்டில் 15ஆம் நூற்றாண்டுக் குருசு ஒன்று இருக்கிறது. மோயேஸ் ஊரில் உள்ளது 16ஆம் நூற்றாண்டு. ரோமானியக் கோவில் மாதிரி சுற்றித் தூண்கள் வைத்து, நடுவில் ஊசிக்கோபுரம் எழுப்பிவிட்டார்கள். குருசு எங்கே என்று அண்ணாந்து தேட வேண்டும்.

> 'குருத்தோலைக் குருசு' அழகாக இருக்கிறதே?

அழகுதான், அக்கா. ஆனால் அந்தக் குளிரில் ஓலைக்கு எங்கே போவது? அவர்கள் கொண்டுபோனது பெரும்பாலும் பக்ஸ் என்ற புதர்ச்செடியின் கிளை. 'ஒசானியேர்' என்ற பிரெஞ்சுப் பெயர் ஓசன்னாப் பாட்டிலிருந்து வந்தது. அந்தப் பாட்டுச்சொல் நம் கோயில்களிலும் அப்படியே ஒலிக்கிறது. எனவே ஓசன்னாக் குருசு. பெரும்பான்மை ஓலைப் பக்கம் என்றால் சண்டை போடமாட்டேன்.

ஒன்று பாக்கி. அதே வட்டாரத்து இடுகாடுகளில் உச்சியில் விளக்கேற்றும் கல்தூண் உண்டு. ஃபெனியூ என்ற ஊரில் உள்ளது 12ஆம் நூற்றாண்டு: பதினொரு தூண்களைக் கட்டாகச் சேர்த்த உருவம், உள்ளே சுருள்படி. பிரெஞ்சில் 'இறந்தோர் விளக்கு' என்ற பொருளில் பெயர். 'சாவிளக்கு' என்று எழுதிப் பார்த்தேன், வீட்டில் முகம் சுளித்தார்கள். வேறு ஏதாவது சொல்லுங்கள்.