சண்டை வந்தால் தடையற்ற வணிக ஒப்பந்தம் காப்பாற்றுமா?

கடலோடி:
பெரிய நாடுகள் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் உறவு உறுதியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சீனா–ஆஸ்திரேலியா ஒப்பந்தம் 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கொரோனா எப்படித் தோன்றியது என்று விசாரிக்க வேண்டும் என 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியா கேட்டது. மே மாதமே ஆஸ்திரேலிய பார்லிக்குச் சீனாவில் 80.5 சதவீத வரி. பிறகு ஒயினுக்கும்.

மாறன்:
அது ஆன்ட்டி டம்பிங் (உள்நாட்டு விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் விற்பதைத் தடுப்பது), மானிய எதிர்ப்பு என்ற பெயரில் வந்த வரி. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அந்த வழியைத் திறந்தேதான் வைத்திருக்கின்றன. அதற்காக ஒப்பந்தமே வீண் என்றால் எப்படி? 2025 மார்ச் 4 அன்று கனடா, மெக்சிகோ பொருள்கள் மீது அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. இரண்டே நாளில், இந்த மூன்று நாடுகளும் செய்துகொண்ட வட அமெரிக்க ஒப்பந்த விதிப்படி வரும் பொருள்களுக்கு விலக்கு அறிவித்தது. அதுவரை, பொருள் எங்கே உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றைப் பொருட்படுத்தாத ஏற்றுமதியாளர்கள்கூட அவசரமாக அந்தத் தாள்களைத் தயார் செய்தார்கள்.

கடலோடி:
எஃகும் அலுமினியமும்? அவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. மார்ச்சில் 25 சதவீதம், ஜூனில் 50. தேசப் பாதுகாப்பு என்று சொன்னதே போதுமானதாக இருந்தது.

செண்பகா:
இருவரும் வரியையே பார்க்கிறீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது பிறப்பிட விதி, அதாவது பொருளில் எவ்வளவு பங்கு ஒப்பந்த நாடுகளில் உருவாகியிருந்தால் வரிச்சலுகை கிடைக்கும் என்ற விதி. ஒரு கார் வரியில்லாமல் எல்லை தாண்ட, பழைய வட அமெரிக்க ஒப்பந்தமான நாஃப்டாவில் அதன் மதிப்பில் 62.5 சதவீதம் வட அமெரிக்காவில் உருவாகியிருந்தால் போதும். 2020 ஜூலையில் வந்த புதிய ஒப்பந்தம் அதைப் படிப்படியாக 75 ஆக்கியது. இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் உதிரிபாகத் தொழிற்சாலையை எங்கே கட்டுவது என்று நிறுவனங்கள் கணக்குப் போடுகின்றன. ஆசியாவில் ஆர்செப் என்ற வட்டார வணிக ஒப்பந்தத்தின் 15 நாடுகளில் எதிலிருந்து வந்த உள்ளீடும் பிறப்பிடக் கணக்கில் சேரும். ஜப்பானும் சீனாவும் முதல்முறையாக ஒரே தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்குள் வந்தது அதில்தான். அந்த விதிகளை எழுதியதில் அமெரிக்காவுக்குப் பங்கில்லை. பசிபிக் கரை நாடுகளின் வணிக ஒப்பந்தமான டிபிபியிலிருந்தும் அது 2017 ஜனவரியில் விலகிவிட்டது. அதிகாரப் போட்டியே இங்கேதான் நடக்கிறது.

கடலோடி:
முதலீடு எங்கே போகும் என்பதை இவை தீர்மானிக்கின்றன, சரி. சண்டை வந்தால் என்ன ஆகும் என்பதே என் கேள்வி. பார்லி வழக்கை ஆஸ்திரேலியா உலக வர்த்தக அமைப்பிடம்தான் கொண்டுபோனது, இருதரப்பு ஒப்பந்தத்தின் நடுவர் ஏற்பாட்டிடம் இல்லை. வரி நீங்க 2023 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

மாறன்:
அதே காலத்தில் இரும்புத் தாது ஏற்றுமதி தடையில்லாமல் நடந்ததே?

கடலோடி:
சீன உருக்காலைகளுக்கு அந்த அளவில் தாது கொடுக்க வேறு நாடு இல்லை. அதனால் நடந்தது. பார்லிக்கு மாற்று இருந்தது, அடி அங்கே விழுந்தது.