கரையில் சமைக்க எந்தக் கேஸ் அடுப்பு? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளியான்:
கடற்கரையில் தங்கப் போகிறவர்களுக்குக் கூடாரம், பாய், டோர்ச் எல்லாவற்றையும் இங்கே அலசியாயிற்று, அடுப்பைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, நானே தொடங்குகிறேன். கடையில் கேட்டால் எத்தனை கிலோவாட் என்றுதான் சொல்வார்கள், திருகோணமலைக்கு அது இரண்டாம் பட்சம், முதலில் பார்க்க வேண்டியது காற்று. மே முதல் செப்டம்பர் வரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ஆனால் கச்சான் காற்று தரைப் பக்கத்திலிருந்து சுடச்சுட வீசும். அந்த நேரம் கேஸ் டின்னின் தலையில் திருகிப் பூட்டுகிற சின்ன அடுப்பை நிலாவெளி மணலில் வைத்துப் பாருங்கள்: நெருப்பு ஒரு பக்கமாகப் படுத்துவிடும், கேத்தல் முனகிக்கொண்டே இருக்கும், தேத்தண்ணி மட்டும் வராது. போதாததற்குச் சட்டி எப்போது சரியும் என்று ஒருவர் காவல் இருக்க வேண்டும். சுற்றிவரத் தகரம் வைத்து மறைக்கவும் கூடாது, சூடு முழுக்க டின்னில் போய் அடையும்.

அதனால் என் வாக்கு தட்டையான பெட்டி அடுப்புக்கு. டின் பக்கத்தில் படுத்திருக்கும், கீழே ஒரு பலகை போட்டால் அசையாது, வான் வண்டியின் மறைவில் வைத்து மீன்குழம்பே வைக்கலாம். டின்னைப் போடும்போது அதன் வாயிலுள்ள வெட்டு மேலே பார்க்க வேண்டும். உள்ளே வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது, வெட்டு மேலே இருந்தால்தான் அது ஆவியாக நிற்கும் வாயுவை எடுக்கும். இல்லாவிட்டால் திரவமாகவே வந்து மஞ்சள் நெருப்பு ஓங்கி எழும்பும். ஒரு டின் 220 கிராம் அளவு, முழு நெருப்பில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் போகும். மிச்சம் எவ்வளவு என்று அறிய, எரிந்துகொண்டிருந்த டின்னைக் கழற்றியதும் பாருங்கள், நம் ஈரக்காற்றில் திரவம் நிற்கும் மட்டம் வரை வெளியே வியர்த்திருக்கும்.

மூதூர்ப் பொடியன்:
அண்ணா சொன்னது சரிதான், ஆனால் பெட்டி அடுப்பு என்றால் ஆபத்தில்லை என்று ஒருவரும் எண்ண வேண்டாம். மார்பிள் பீச் பக்கம் போனபோது எங்கள் கூட்டாளி ஒருவன் ரொட்டி சுடுகிற பெரிய தட்டைத் தூக்கி வைத்தான், அது டின் இருக்கும் அறையையும் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று டின் தானாகக் கழன்று நெருப்பு அணைந்துவிட்டது. அடுப்பு பழுது என்று திட்டிக்கொண்டே அவன் நெம்பை மறுபடி அழுத்தப் போக, கையைப் பிடித்து இழுத்தோம். உள்ளே அழுத்தம் ஏறினால் கழற்றிவிடத்தான் அந்தப் பொறி. தட்டு அடுப்புக்கு வெளியே நீளவே கூடாது. அப்புறம், மிச்ச டின்களை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள், 50 பாகைக்கு மேல் ஆகாது என்று டின்னிலேயே போட்டிருக்கிறது. புறாத்தீவுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அது தேசியப் பூங்கா, அடுப்புப் பேச்சே வேண்டாம்.

கன்னியா அக்கா:
தம்பிமார் எல்லாம் கரையோடு நிற்கிறீர்கள். நாங்கள் நுவரெலியாவுக்கும் இதே டின்னைத்தான் கொண்டுபோனோம், விடியற்காலையில் நெருப்பு ஊசி முனையளவுதான். இந்த டின்னில் இருக்கிற பியூட்டேன் வாயு பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழேதான் கொதிக்கும், குளிர் கூடக் கூட ஆவியாக மறுக்கும். பிரொப்பேன் கலந்த திருகு டின் அங்கே நன்றாக எரியும், ஏனென்றால் பிரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42. ஆக மலைக்கு ஒன்று, நமக்கு ஒன்று.

மாரி காலத்தில் மழை வந்தால் அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுக்கிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். அடுப்பு எரியும்போது வரக்கூடிய நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது, கசிகிற வாயுவும் காற்றைவிடப் பாரம், படுத்திருப்பவரின் மூக்கடியில்தான் நிற்கும். பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

உப்புவெளியான்:
அக்கா, அது நூற்றுக்கு நூறு. உப்புக்காற்றில் பற்றவைக்கும் பொறி சீக்கிரம் செத்துவிடும், நெருப்புப்பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். ஆட்கள் கூட என்றால் 2.3 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் கொண்டுபோவதே மேல், டின்னை மாற்றி மாற்றிப் பத்துப் பேருக்குச் சோறு வடிக்க ஏலாது.