ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் செகண்ட்ஹேண்ட் வாங்கினேன், எது கம்பெனி பார்ட் எது வெளியே போட்டது என்று தெரியவில்லை, உதவி தேவை

சேலத்துப் பையன்:
வணக்கம் அண்ணன்களே. போன மாதம் 2018 ஹிமாலயன் 411 ஒன்று வாங்கினேன். வெள்ளை நிறம், பிஎஸ்4, ஏபிஎஸ் இல்லாதது, நான் மூன்றாவது ஓனர். என்னென்ன மாற்றியிருக்கிறது என்று விற்றவரிடம் கேட்டதற்கு "எல்லாம் முன்னாடி வச்சிருந்தவர் பண்ணது தம்பி" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி சாய்வதே இல்லை, ஏறக்குறைய நேராக நிற்கிறது. நேற்று டீக்கடை வாசலில் தரை கொஞ்சம் வலப்பக்கம் சரிவாக இருந்தது, டம்ளரை வாங்கித் திரும்புவதற்குள் வண்டி படுத்துவிட்டது. சென்டர் ஸ்டாண்டு போட இரண்டு பேர் வேண்டும். ராத்திரி லோ பீமில் போனாலும் எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். சீட்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று, அதிலிருந்து ஒயர்கள் இன்ஜினை நோக்கிப் போகின்றன. மைலேஜ் 22 தாண்டவில்லை. நாலு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி காலி. டேங்க் பக்கத்தில் இருக்கும் கம்பிகளும் மீட்டரில் இருக்கும் காம்பஸும்கூட வெளியே போட்டதா?

ஊட்டி ரோடு:
டேங்க் பக்கக் கம்பி, பின் கேரியர், காம்பஸ் மூன்றும் கம்பெனியிலிருந்தே வருபவை, அதைக் கழற்றிவிடாதே. காம்பஸ் வடக்கைத் தவறாகக் காட்டினால் காந்தம் வைத்த மொபைல் ஹோல்டர் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா பார். இல்லாவிட்டாலும் அதை நம்பி யாரும் லடாக் போனதில்லை.

வேலூர் வாசி:
சைடு ஸ்டாண்டை யாரோ நீளமாக்கியிருக்கிறார்கள் ப்ரோ. வெல்டிங் தழும்பு இருக்கும், பாருங்கள்.

கிரீஸ் கை:
ஸ்டாண்டு நீளமானால் வண்டி நேராக நிற்கும், சரி. ஆனால் சென்டர் ஸ்டாண்டு ஏன் கனக்கிறது, ஹெட்லைட் ஏன் மேலே பார்க்கிறது? மூன்றையும் சேர்த்துப் பார் தம்பி, மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். வண்டியின் பின்பக்கத்தை இறக்கியிருக்கிறார்கள்.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் பழைய சைடு ஸ்டாண்டே அதற்கு நீளமாகிவிடும். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றும்போது முன்பைவிட அதிக உயரம் தூக்க வேண்டியிருக்கும். ஹெட்லைட்டுக்குக் கணக்கே போடலாம். வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம், 1465 மி.மீ. பின்பக்கம் மட்டும் 30 மி.மீ. இறங்கினால் 25 மீட்டர் தள்ளி வெளிச்சம் அரை மீட்டர் மேலே ஏறிவிடும், அது நேராக லாரி டிரைவர் கண்ணில்தான் போய் விழும். முன்பக்கத்தையும் அதே அளவு இறக்கியிருந்தால் லைட் இப்படி நிமிர்ந்திருக்காது. அதனால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைத் தொடவில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் மேல் கிளாம்புக்கு மேலே ஃபோர்க் குழாய் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று ஒரு பார்வை பார்.

பணம் செலவழிக்கும் முன் டேப் எடு. வண்டியை நேராகப் பிடிக்கச் சொல்லி, யாரும் உட்காராமல், தரையிலிருந்து சீட் உயரத்தை அள. கம்பெனி அளவு 800 மி.மீ. சீட் ஃபோமை வெட்டியிருந்தாலும் இந்த அளவு குறையும், அதனால் சீட்டைக் கழற்றித் திருப்பி, உறையைப் பிடிக்கிற ஸ்டேப்பிள் பின்கள் புதிதாக இருக்கின்றனவா என்றும் பார். அடுத்து பின் டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவு. கம்பெனி டயர் 120/90-17; 120 என்பது மி.மீ.-இல் அகலம், 90 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கவாட்டு உயரம் என்பது. கடைசியாக மோனோஷாக்குக்கு (பின்பக்க ஒற்றை ஷாக் அப்சார்பர்) கீழே, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு சேரும் லிங்க் என்ற இணைப்புத் துண்டு. அது மற்ற பாகங்களோடு ஒட்டாமல் பளபளவென்று இருந்தால் திருடன் அவன்தான். ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தை, ஒரேயடியாகத் தளர்த்தி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு, அதுவாக இருந்தால் செலவே இல்லை.

சேலத்துப் பையன்:
அளந்துவிட்டேன் அண்ணா. சீட் 772 மி.மீ. பின்கள் பழையவை, துருவேறிக் கிடக்கின்றன. ப்ரீலோடு நடுவில் இருக்கிறது. டயர் 120/80-17! லிங்க் மட்டும் வெள்ளி நிறத்தில் மின்னுகிறது, ஓரம் கடைசல் பட்டறையில் கடைந்தது போல் கூராக இருக்கிறது, பார்ட் நம்பர் எதுவும் இல்லை. தொட்டுப் பார்த்தபோது விரலில் கீறிவிட்டது.

கிரீஸ் கை:
80 போட்டதில் மட்டும் 12 மி.மீ. போச்சு. 120-இல் 90 சதவீதம் 108, 80 சதவீதம் 96. மீதியை அந்த லிங்க் சாப்பிட்டிருக்கிறது. முன்னாடி வைத்திருந்தவர் உயரம் குறைந்த ஆளாக இருக்கும், ஊருக்குள்ளேயே ஓட்டியிருப்பார். தப்பில்லை, ஆனால் ஸ்டாண்டையும் லைட்டையும் கவனிக்காமல் விட்டதுதான் தப்பு. அதையும் மாற்றியிருக்கலாம் என்பதால், அப்படியே செயின் ஓடும் முன் ஸ்ப்ராக்கெட்டில் பல்லை எண்ணு, 15 இருக்க வேண்டும். பின்னால் 38.

ஃபியூஸ் போன பல்பு:
கறுப்புப் பெட்டியின் ஒயர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கப்ளருக்கும் (ஒயர் இணைப்பு) புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாருக்கும் போகின்றனவா? அப்படியென்றால் அது பிக்கிபேக். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். பெரும்பாலும் சத்தம் போடுகிற சைலன்சரோடு சேர்த்துத்தான் இதை மாட்டுவார்கள். உன் வண்டியில் கம்பெனி சைலன்சர் இருந்து, அதன் கிளாம்ப் போல்ட் மட்டும் புதிதாக இருந்தால், சைலன்சரைத் தனியாக விற்றுவிட்டுப் பெட்டியை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக் கரி பிடித்திருந்தால் 22 மைலேஜுக்கும் அதுதான் காரணம். பெட்டியின் கப்ளர்களைக் கழற்றி, கம்பெனி கப்ளர்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு ஒரு டேங்க் ஓட்டிப் பார்.

பேட்டரிக்கு: சாவியை எடுத்துவிட்டு இருட்டில் வண்டியைப் பார். எங்காவது வெளிச்சம் தெரிகிறதா?

சேலத்துப் பையன்:
ஹேண்டில்பாரில் இருக்கும் யுஎஸ்பி சார்ஜரில் நீலமாக ஒரு புள்ளி! ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன், நேராக பேட்டரி ப்ளஸ்ஸில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். ஃபியூஸ் கிடையாது. டேப் உருகிப் பிசுபிசு என்று இருக்கிறது.

ஃபியூஸ் போன பல்பு:
அதை இன்றைக்கே கழற்று, இது பேட்டரி விஷயம் மட்டுமில்லை, ஃபியூஸ் இல்லாத ஒயர் உரசினால் தீப்பிடிக்கும். திரும்ப மாட்டினால் ஃபியூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வழியாக எடு. அதன் பிறகும் பேட்டரி இறங்கினால், மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை ஆம்ப்பியரில் வைத்துப் பார்.

வேலூர் வாசி:
ஸ்டாண்டு விஷயத்தில் தோற்றுவிட்டேன், இதையாவது சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம். இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் கேள்வி வரும். கையோடு சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

சேலத்துப் பையன்:
பத்து நாள் கழித்து வருகிறேன். நம்பர் சரியாக இருக்கிறது, பல்லும் 15, 38. கம்பெனி லிங்க் வாங்கி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து மாட்டியாயிற்று, டயரும் 120/90. பெட்டியைக் கழற்றிய பிறகு மைலேஜ் 29. சென்டர் ஸ்டாண்டு ஒற்றைக் காலில் ஏறுகிறது, லாரிக்காரர்கள் யாரும் திட்டவில்லை. ஒரே பிரச்சினை, சிக்னலில் நின்றால் எனக்கு இப்போது கால் விரல் நுனிதான் தரையில் படுகிறது. நான் ஐந்தடி நாலு அங்குலம் அண்ணா.

கிரீஸ் கை:
அந்தப் பளபளா லிங்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டாயா?

சேலத்துப் பையன்:
இல்லை, டூல் பாக்ஸில்தான் இருக்கிறது.

கிரீஸ் கை:
அதை மறுபடி மாட்டாதே, முதலில் உயரம் குறைந்த லோ சீட் தேடு.