மாற்றிக்கொண்ட சுரை விதையில் கசப்பு: இனி யாரிடம், எதைக் கேட்டு வாங்குவது?

கானாடுகாத்தான் பின்கட்டு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஐந்து ஆண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வருகிறேன். சென்ற ஆடிப்பட்டத்துக்கு முன், என் அவரை விதையைக் கொடுத்துவிட்டு, வெளியூர் அன்பர் ஒருவரிடம் நாட்டுச் சுரை விதையும் தட்டைப்பயறு விதையும் வாங்கினேன். உறையின்மேல் ‘குண்டுச் சுரை’ என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. கொடி ஓட்டுக்கூரையில் ஏறிப் படரும் அளவுக்குச் செழிப்பாகவே வந்தது. ஆனால் முதல் காயை அரிந்து கூட்டு வைத்த அன்று, ஒரு வாய் உண்டதுமே ஆத்தா முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டார்கள். அடுத்தடுத்துப் பறித்த காய்களும் அப்படியே கசந்தன. தட்டைப்பயறோ, புட்டியில் போட்டு வைத்த ஒரு மாதத்தில் விதைக்கு விதை ஓட்டையாகி, அடியில் மாவாக உதிர்ந்து கிடந்தது. முகம் அறியாதவர்களிடம் விதை மாற்றுவதையே நிறுத்திவிடலாமா, அல்லது வாங்கும்போது நான் கேட்டிருக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, முதலில் அந்தக் கொடியின் காய் எதையும் இனிச் சமைக்க வேண்டாம். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் வேகவைத்தாலும் போகாது. கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்களும் உண்டு. உங்கள் ஆத்தா துப்பியதே சரியான வைத்தியம்.

விதை கொடுத்தவர் ஏமாற்றினார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் தோட்டத்துக்கு அருகில் எங்கோ பேய்ச்சுரை என்னும் கசப்புக் காட்டுச் சுரை தானாக முளைத்துக் கிடந்து, அதன் மகரந்தத்தை ஒரு பூச்சி சுமந்து வந்திருந்தால் போதும். அவர் பறித்த காயின் சதை தாய்க்கொடியைச் சேர்ந்தது என்பதால் அது இனிப்பாகவே இருந்திருக்கும். கலப்பு, உள்ளிருந்த விதையில் ஒளிந்து உங்கள் வீட்டில்தான் வெளிப்படும். ஆகவே விதை வாங்கும்போது ‘காய் ருசியாக இருந்ததா’ என்று கேட்பதைக் காட்டிலும், ‘பக்கத்தில் என்ன நின்றது’ என்று கேட்பதே பயன் தரும்.

விதைக்கென்று நான் விடும் சுரையில், மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முன்கூட்டியே நூலால் லேசாகக் கட்டிவிடுவேன். பூசணி, பாகல் போல விடியற்காலையில் அல்லாமல் சுரை அந்தியில் மலர்வது என்பதால், விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண் பூவின் இதழை உரித்துப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் கட்டி, காம்பில் ஒரு சிவப்புத் துணியை முடிந்துவிடுவேன். அந்தக் காய் கொடியிலேயே முற்றிக் காயும்வரை வீட்டில் ஒருவரும் தொடக்கூடாது. விருந்தாளிக்கென்று என் சம்பந்தி ஒருமுறை அறுத்துவிட்டார்கள். அது தனிக் கதை.

தேவகோட்டை மாடித்தோட்டம்:

ஆச்சி சொன்னதோடு நோயையும் பூச்சியையும் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். பயறு வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்கு வந்துவிடும். ஓட்டை தெரிவது வண்டு வெளியேறிய பிறகுதான். வாங்கிய பயறு விதையைப் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும் அளவுக்குக் காயவைத்து, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரம் வைத்தால் வண்டு பெரும்பாலும் ஒழியும். ஈரம் இருந்தால் விதையின் முளைப்புத்திறனும் சேர்ந்து போய்விடும்.

இலையில் திட்டுத்திட்டாக நிறம் மாறும் தேமல் நோய்களில் எது விதையால் வருவது, எது வராதது என்று பிரித்தறிவது நல்லது. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. அதற்கு விதை கொடுத்தவரைக் குறை கூறுவது நியாயமன்று. வெள்ளரி, சுரை வகையைத் தாக்கும் பச்சைத் தேமல் வைரஸோ விதையிலும் வரும். விதையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் புது விதையை நான் மற்ற கொடிகளுக்குத் தள்ளி ஒரு தொட்டியில் போட்டுச் சில வாரம் இலையைப் பார்த்த பின்பே இடம் கொடுக்கிறேன். மிளகாய் விதை என்று வந்த பொட்டலத்தில் ஊமத்தை விதை கலந்திருந்தாலும் அந்தத் தொட்டியிலேயே இலை காட்டிக்கொடுத்துவிடும்.

காரைக்குடி வாசகர்:

சட்டம் குறித்துச் சுருக்கமாக. தன் விளைச்சலிலிருந்து எடுத்த விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உழவருக்கு உரிமை அளிக்கிறது; பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதுதான் கூடாது. நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினர்கள் பெட்டியில் விதை கொண்டுவருவது இங்கே வழக்கமாக இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் தாவரநலச் சான்றிதழும் வேண்டும். கேட்காமலே அஞ்சலில் வரும் விதையை ஒருபோதும் ஊன்றாதீர்கள். 2020இல் அத்தகைய மர்மப் பொட்டலங்கள் குறித்து மத்திய வேளாண் அமைச்சகமே எச்சரித்தது.

கானாடுகாத்தான் பின்கட்டு:

அனைவருக்கும் நன்றி. கொடியை வேரோடு பிடுங்கிவிட்டேன். விதை தந்தவரிடம் ஆச்சி சொன்ன கேள்வியைக் கேட்டேன். அவர் வேலிக்கு அப்பால் கண்மாய்க்கரையில் பேய்ச்சுரை இருப்பதை அவரே அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். பிறகு அதே கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். நான் கொடுத்த அவரைக்கு அடுத்த பந்தலில் மொச்சை நின்றது. இரண்டும் ஒரே இனம். பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான் என்றாலும், இரு பந்தலிலும் கருவண்டு மாறி மாறி அமர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த விதையை மூவர் வாங்கிச் சென்றிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்றிரவே எழுதுகிறேன்.