'உலரும் நேரம்' போதாது: எனாமல் பூச்சுக்குச் சொல் தேடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய சைக்கிள் பிரேமுக்குக் குறைந்த செலவில் வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது பற்றிய கையேட்டு வரைவு முடியும் தறுவாயில் இருக்கிறது. ஓர் இடத்தில்தான் சொல் கிடைக்காமல் நிற்கிறது. எனாமல் ஸ்ப்ரே டப்பாக்கள் பலவற்றின் முதுகில் ஒரு குறிப்பு இருக்கும்: அடுத்த கோட்டை (ஒரு தடவை அடிக்கும் பூச்சை) ஒரு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், தவறினால் 48 மணி நேரம் பொறுத்துத்தான் அடிக்க வேண்டும். டப்பாவுக்கு டப்பா இந்த எண்கள் மாறும். 24 மணி என்றும் போட்டிருப்பார்கள். நம் வரைவில் இதை "உலரும் நேரம்: 48 மணி" என்று எழுதி வைத்திருக்கிறோம்.

இது படிப்பவரைத் தவறான பக்கம் திருப்பிவிடும். தொட்டால் ஒட்டாத பதத்துக்கு எனாமல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வந்துவிடும். உலர்ந்தபின் அடுத்த கோட்டு என்று புரிந்துகொண்டவர் விரல் வைத்துப் பார்ப்பார், காய்ந்துவிட்டது என்று அடிப்பார். அடிக்கவே கூடாத நேரம் அதுதான். அடித்த சில நிமிடங்களில் பூச்சு சுருக்கம் சுருக்கமாக எழும்பும். அதுவரை தேய்த்த தேய்ப்பெல்லாம் வீண்.

இரு முனையும் உள்ள இந்தக் கால அளவைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். என் கையில் இருப்பவை "மறுபூச்சுச் சாளரம்", "மறுபூச்சு இடைவெளி". இவற்றைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

* * *

> மறுபூச்சுச் சாளரம், மறுபூச்சு இடைவெளி

சாளரம் வேண்டாம். தமிழில் அதை யாரும் நேரத்துக்குச் சொல்வதில்லை. காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் அதே பக்கத்தில் இது வந்தால் குழப்பம்தான். இடைவெளிக்கும் அதே சிக்கல்: டப்பாவுக்கும் குழாய்க்கும் நடுவே 20 முதல் 25 செ.மீ. இடைவெளி விடச் சொல்லும் வரி இரண்டு வரிக்கு மேலேயே இருக்கிறது.

முதலில் பூச்சுக்குள் நடப்பதைப் பிரித்துக்கொள்வோம். எனாமலில் இரண்டு வேலை நடக்கிறது. தின்னர் (பெயிண்டை இளக்கும் கரைப்பான்) ஆவியாகிப் போவது ஒன்று. அதை உலர்தல் என்போம். மிஞ்சிய பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாவது இன்னொன்று. அதை இறுகுதல் என்போம். உலர்தல் சில மணி நேரத்தில் முடியும். இறுகுதல் நாள்கணக்கில் நடக்கும், அதுவும் மேலிருந்து கீழாக. காற்றுப்படும் மேற்பரப்பு முதலில் ஆடை கட்டுகிறது, அடியில் இன்னும் குழைவாக இருக்கிறது. இந்த நிலையில் புதுக் கோட்டு விழுந்தால் அதிலுள்ள தின்னர் ஆடைக்குள் இறங்கி அதை ஊதச் செய்யும். ஊதிய ஆடை பக்கவாட்டில் விரிய இடமில்லை, ஆகவே மேலே மடிந்து எழும்புகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் அடித்தால் ஆடையே இன்னும் கட்டியிருக்காது. புதுப் பூச்சும் பழையதும் கலந்து ஒரே படலமாகிவிடும். 48 மணிக்குப் பிறகு அடிவரை இறுகியிருக்கும், தின்னரால் அசைக்க முடியாது. நடுவில் இருப்பதுதான் ஆபத்து.

எனவே ஒரு சொல் அல்ல, மூன்று சொல் வேண்டும் என்பது என் கருத்து.

ஆறவிடுதல்: மெல்லிய கோட்டுகளுக்கு நடுவே 5 முதல் 10 நிமிடம் விடுவது. ஈரப் பளபளப்பு மங்கும்வரை.

பூச்சுக் கெடு: அடுத்த கோட்டை அடித்து முடிக்க வேண்டிய கடைசி நேரம். மூன்று மெல்லிய கோட்டும் இந்த ஒரு மணிக்குள் தாராளமாக முடியும்.

இறுகு தவணை: கெடு தவறினால் பொறுக்க வேண்டிய 24 அல்லது 48 மணி நேரம்.

பணம் கட்டக் கெடு என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. கெடு தாண்டிவிட்டது என்றால் காரியம் கெடும் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

* * *

பூச்சுக் கெடு எனக்கு உடன்பாடு. ஆனால் எந்தப் பெயிண்டுக்கு என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் தவறாகிவிடும். அக்ரிலிக் லாக்கர் ஸ்ப்ரேயில் இறுகுதல் என்ற கட்டமே இல்லை; தின்னர் பறந்தால் வேலை முடிந்தது. அதன்மேல் அதே லாக்கரை எப்போது அடித்தாலும் கீழ்ப்பூச்சை லேசாகக் கரைத்துக்கொண்டு ஒட்டும். ஆக, கெடு என்பது எனாமலுக்கு மட்டும்.

எனாமல் மேல் லாக்கர் அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. வண்ணம் எனாமல் டப்பாவிலிருந்து, மேலே கிளியர் கோட்டு (நிறமில்லாத மேல்பூச்சு) கிடைத்த வேறு டப்பாவிலிருந்து என்று வாங்குவார்கள். லாக்கரின் தின்னர் வீரியமானது. இரண்டு நாள் ஆன எனாமலையும் தூக்கிவிடும். வண்ணமும் கிளியரும் ஒரே வகையாக இருக்கட்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பிரேமில் ஏற்கெனவே இருக்கும் பழைய பெயிண்ட் என்ன வகை என்று தெரியாது. பி.பி. ஷெல்லின் (பெடல் அச்சு உட்காரும் குட்டைக் குழாய்) அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், லாக்கர் தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கலாம். நிறம் துணியில் கரைந்து வந்தால் லாக்கர். சுருங்கினாலோ குழைந்தாலோ எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் சூட்டடுப்பில் பதமாக்கிய கம்பெனிப் பூச்சாக இருக்கலாம். அதன்மேல் எதையும் தைரியமாக அடிக்கலாம்.

இன்னொன்று. பழைய பூச்சைத் தேய்த்து இரும்பு தெரியும் இடங்களில், அந்த வட்டத்தின் விளிம்பில் மட்டும் கோடு கோடாகச் சுருக்கம் விழும். அங்கே பழைய எனாமலின் வெட்டுமுகம் திறந்து கிடக்கிறது, தின்னர் பக்கவாட்டில் புகுகிறது. 180 உப்புத்தாளில் தொடங்கி 320 வரை விளிம்பை அகலமாகச் சரித்துத் தேய்த்து, பிரைமரை (அடிப்பூச்சு) முதலில் தூசி போல மிக மெல்லியதாக அடித்து ஆறவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். கெடு தவறாமலேயே வரும் சுருக்கம் இது. எனவே இந்தக் குறைக்கும் ஒரு தனிப் பெயர் வேண்டும்.

* * *

> குறைக்கும் ஒரு தனிப் பெயர் வேண்டும்

திரைதல். பெயர்ச்சொல்லாகத் திரைவு.

பால் திரைந்துபோனது என்று இன்றும் சொல்கிறோம். நரை, திரை என்னும்போது திரை தோலின் சுருக்கம்தான். ஆடை கட்டிய பூச்சு சுருங்கி மடிவதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. "கெடு தாண்டி அடித்தால் பூச்சு திரையும்": ஒரு வரியில் எல்லாம் வந்துவிட்டது.

சுருக்கம் என்றே வைத்தால் கையேட்டின் 'சுருக்கம்' பகுதியோடு மோதும். உரிதல் வேறு குறை: துடைப்பு சரியில்லாமல் பூச்சு பிடிக்காமல் போவது. வடிதல், ஒரே இடத்தில் அதிகம் அடித்ததால் வருவது. வட்ட வட்டமாகப் பூச்சு விலகிக் குழி விழுவது எண்ணெய், சிலிக்கோன் மிச்சத்தால். பால் போல வெளிறுவது ஈரக்காற்றில் லாக்கர் அடிப்பதால். இந்த நான்கையும் திரைவோடு சேர்த்துக் குழப்பாமல் இருந்தால்தான் மருந்தும் சரியாக இருக்கும்.

திரைவுக்கு மருந்து: அதன்மேல் இன்னொரு கோட்டு அடித்து மூடப் பார்க்கக் கூடாது, இன்னும் கூடும். சிறிய இடமென்றால் அப்படியே விட்டு, தவணை முழுக்க முடிந்து, வெயில் குறைந்த நாளென்றால் இன்னும் இரண்டு மூன்று நாள் சேர்த்துப் பொறுத்து, 240 உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும். குழைவாக இருக்கும்போது தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், பூச்சு உருண்டு வரும். பெரிய இடமென்றால், குழைவாக இருக்கும்போதே தின்னர் துணியால் முழுக்கத் துடைத்தெடுத்துப் பிரைமரிலிருந்து தொடங்குவதுதான் லாபம்.

தடித்து அடித்தால் ஒரே கோட்டிலேயே திரையும் என்பதையும் சேர்க்க வேண்டும். லக் (குழாய்களை இணைக்கும் பூண்) விளிம்பு, பி.பி. ஷெல்லுக்கும் செயின் ஸ்டேக்கும் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) நடுவிலுள்ள மூலை போன்ற இடங்களில் பெயிண்ட் தேங்கும். அடித்த கையோடு நேர் வெயிலில் தொங்கவிட்டால் அங்கே மேலே மட்டும் சட்டென்று ஆடை கட்டிவிடும். மூலை முடுக்குகளை முதலில் மெல்லியதாக அடித்துவிட்டு, நீளக் குழாய்களுக்குப் பிறகு வரலாம்.

* * *

திரைவு நல்ல சொல். ஒரே ஒரு தயக்கம்: திரை என்றதும் பலருக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். "திரைவு நேரம்" என்று எங்கும் எழுதிவிடாதீர்கள், காட்சி நேரம் போல் ஆகிவிடும். வினையாக, "பூச்சு திரையும்" என்று வரும் இடங்களில் குழப்பமில்லை.

விவாதம் முழுக்க ஸ்ப்ரேயைச் சுற்றியே போகிறது. கைச்செலவு குறைவு என்று கையேட்டின் தலைப்பில் இருக்கும்போது பிரஷ்ஷை விடலாமா? கணக்கைப் பாருங்கள். சாதாரண அளவு ஸ்டீல் பிரேமும் போர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) சேர்த்து மேற்பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர்தான். ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குப் பத்து சதுர மீட்டர் வரும் என்று வைத்தால், கோட்டுக்கு 30 மி.லி. இரண்டு கோட்டுக்கு 60. ஆக 100 மி.லி. டின் ஒன்று போதும், டச்சப்புக்கும் மிஞ்சும். ஸ்ப்ரேயில் மெல்லிய குழாய்களைத் தாண்டிப் பாதிக்கு மேல் காற்றில் போய்விடுவதால், அதே பிரேமுக்கு 400 மி.லி. டப்பா பிரைமர் ஒன்று, வண்ணம் ஒன்று அல்லது இரண்டு, கிளியர் ஒன்று என்று போகும்.

பிரஷ்ஷில் கோட்டு தடிமனாக விழுவதால் பூச்சுக் கெடு என்ற பேச்சே கிடையாது. ஒரு கோட்டு, டின்னில் போட்ட இறுகு தவணை (பெரும்பாலும் ஒரு முழு இரவு, குளிரில் 24 மணி), 600 தாளில் லேசான தேய்ப்பு, அடுத்த கோட்டு. பெயிண்டில் 5 முதல் 10 சதவீதம் டர்பன்டைன் கலந்தால் பிரஷ் கோடு தானே மட்டமாகும். அதற்கு மேல் கலந்தால் வடியும். டின், பிரஷ் வழியில் தவணை மட்டும், ஸ்ப்ரே டப்பா வழியில் கெடுவும் தவணையும். இப்படிப் பிரித்துக் காட்டினால் சொற்களும் மனதில் நிற்கும்.

துடைத்த துணிகளைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். எனாமல் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் இறுகும்போது எழும் சூடு உள்ளே தேங்கித் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயப்போட்ட பின்தான் எறிய வேண்டும். பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு; அதனால் தேய்ப்பு எப்போதும் தண்ணீர் தொட்டுத்தான். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

* * *

எல்லோருடைய கருத்தையும் சேர்த்து அந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஸ்ப்ரே எனாமலை மூன்று மெல்லிய கோட்டாக அடிக்கவும். ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 முதல் 10 நிமிடம் ஆறவிடவும். டப்பாவில் போட்டிருக்கும் பூச்சுக் கெடுவுக்குள் (பெரும்பாலும் ஒரு மணி) மூன்றையும் முடிக்கவும். கெடு தாண்டிவிட்டால், தொட்டால் ஒட்டாமல் இருந்தாலும் அடிக்க வேண்டாம், பூச்சு திரையும். இறுகு தவணை (24 அல்லது 48 மணி, டப்பாவைப் பார்க்கவும்) முடிந்தபின் 400 தாளில் லேசாகத் தேய்த்து, துடைத்து, பிறகு அடிக்கவும். தவணை முடிந்ததா என்று அறிய, மறைவான இடத்தில் கட்டை விரலை அழுத்திக் கால் வட்டம் திருகவும். ரேகை பதிந்தாலோ பூச்சு நகர்ந்தாலோ இன்னும் ஒரு நாள் பொறுக்கவும்."

தவணை முடிந்ததும் பாகங்களைப் பூட்டலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வரி சேர்த்தேன்: சீட் கிளாம்ப், ஹெட்செட் கப் (ஹேண்டில் திரும்பும் பேரிங் கிண்ணம்) போன்ற இறுக்கிப் பிடிக்கும் பாகங்களுக்குக் குறைந்தது ஒரு வாரம். அதற்கு முன் இறுக்கினால் கிளாம்ப் அச்சு பூச்சில் பதியும், கப் இறங்கும் இடத்தில் சில்லு சில்லாகப் பெயரும். இந்த ஒரு வாரத்தையும் தவணை என்று அழைக்க எனக்கு விருப்பமில்லை, இரண்டு தவணை ஆகிவிடும். "முழு இறுக்கம்" என்று வைத்திருக்கிறேன்.

பிரைமர், மாஸ்கிங் டேப், கிளியர் கோட்டு மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். கடையில் அந்தப் பெயரில்தான் கேட்க வேண்டும். பி.பி. மரை, ஹேண்டில் தண்டு நுழையும் ஹெட் டியூபின் உள்வாய், சக்கர அச்சு உட்காரும் டிராப் அவுட் முகம் ஆகியவற்றை மூடும் பகுதியில் இன்னும் ஒரு சொல் நிலுவை. உருட்டிய காகிதத்தையோ கார்க்கையோ மரைக்குள் செருகுவதை வரைவு "அடைப்பு" என்கிறது. பெயிண்ட் மரையில் புகுந்து கப் ஏறாமல் போவதையும் அதே பக்கத்தில் "அடைப்பு" என்றே எழுதியிருக்கிறோம். செருகுவதை "தக்கை" என்று மாற்றலாமா?

* * *

தக்கை சரி. மாற்றிவிடுங்கள்.